23 சின்ன வேலைகள்: பள்ளி நூலகரும் புது டூல்ஸும்

வழக்கமா நாம புரோகிராமிங், வேலை, இன்டர்வியூன்னுதான் பேசுவோம். இந்த எபிசோடு ஒரு பள்ளி நூலகர் அனுப்பிய கேள்வியை வைத்து. அவங்க கேட்டது இதுதான்: "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆன்லைன் டூல்ஸ் கத்துக்கோங்கன்னு சொல்றாங்க. ஒண்ணைக் கத்து முடிக்கிறதுக்குள்ள அது பழசாகி அடுத்தது வந்துடுது. எதைக் கத்துக்கிறது, எதை விடுறது?"

நியாயமான கேள்வி. சொல்லப்போனால் எங்க துறையில் தினமும் கேட்கிற கேள்வி. ஆனா இதுக்கு நல்ல பதில் சொன்னது சாஃப்ட்வேர் கம்பெனிகள் இல்லை. நூலகர்களே சொல்லிட்டாங்க, 2006-லேயே.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலீன் பிளவர்ஸ். அப்போது இணையம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ஃபிளிக்கர், யூடியூப், விக்கி, பாட்காஸ்ட் எல்லாமே புதுசு. வாசகர்கள் வந்து இதைப் பற்றிக் கேட்டால் ஊழியர்களுக்குப் பதில் தெரிய வேண்டும். எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து புரொஜெக்டர் போட்டு வகுப்பு எடுப்பது வழக்கமான வழி. அவர் அதைச் செய்யவில்லை. 23 சின்ன வேலைகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். முடிக்க ஒன்பது வாரம். பயிற்சிக்குப் பெயர் 'லேர்னிங் 2.0'. ஆனால் எல்லாரும் '23 திங்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு படத்தை ஃபிளிக்கரில் தேடு. லைப்ரரிதிங்கில் நீ படித்த சில புத்தகங்களைச் சேர். ஒரு விக்கியில் ஒரு வரி எழுது. ஆன்லைன் வேர்ட் ப்ராசஸரில் ஒரு பக்கம் தட்டு. எல்லாமே இந்த அளவு வேலைகள்தான். அந்த வேர்ட் ப்ராசஸர் எது தெரியுமா? ஜோஹோ ரைட்டர். நம்ம சென்னையில் உருவானது!

இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்கணும். முதலாவது, ஒவ்வொரு வேலையும் சின்னது. ஒரு உட்காரலில் முடியும். இரண்டாவது, அவரவர் வேகத்தில் செய்யலாம். மூணாவதுதான் முக்கியம். ஒவ்வொரு வேலையையும் முடித்ததும் அதைப் பற்றி ஒவ்வொருவரும் தன் வலைப்பதிவில் நாலு வரி எழுத வேண்டும். பிடித்ததா, எரிச்சலா இருந்ததா, நம்ம நூலகத்துக்கு உதவுமா? புனைபெயரிலும் எழுதலாம். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு, நேற்று சேர்ந்தவர் முன்னால் தடுமாறுவது கூச்சமாக இருக்கும், இல்லையா? புனைபெயர் அந்தக் கூச்சத்தை எடுத்துவிடும். முடித்தவர்களுக்குப் பரிசாக ஒரு எம்பி3 பிளேயரும் உண்டு.

பட்டியல் முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். பல நாட்டு நூலகங்கள் எடுத்துக்கொண்டன. மறு ஆண்டே, 2007-ல், கலிபோர்னியா பள்ளி நூலகர்கள் சங்கம் பள்ளிகளுக்கு ஏற்றபடி தன் பதிப்பைத் தொடங்கியது.

சரி, அந்த 23-ஐ இன்றைக்கு அப்படியே எடுத்துச் செய்யலாமா? முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் நம்ம கேள்விக்கான பதில் இருக்கு.

அந்தக் காலத்து டூல்ஸ் என்ன ஆச்சுன்னு பார்ப்போம். இணைய முகவரிகளைச் சேமித்து டேக் போட டெலிஷியஸ் இருந்தது. 2003-ல் தொடங்கியது, 2005-ல் யாஹூ வாங்கியது, அப்புறம் கை மாறிக் கை மாறி, 2017-ல் புதுசாகச் சேர்ப்பதே நின்றுபோனது. பிடித்த தளங்களின் புதிய பதிவுகளை ஆர்எஸ்எஸ் வழியாக ஒரே இடத்தில் படிக்கப் பலர் கூகுள் ரீடருக்குப் போனார்கள். அதை 2013 ஜூலை 1-ல் மூடிவிட்டார்கள். வகுப்புக்கு ஒரு விக்கி என்று ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018-ல் கடையைக் கட்டத் தொடங்கியது. லைப்ரரிதிங் மட்டும் 2005-ல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்தால், கற்றதெல்லாம் வீண்தானே என்று தோன்றும். இங்கே ஒரு சாஃப்ட்வேர் ஆளாக நான் ஒன்று சொல்றேன். எந்த டூலையும் மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்க. மேலே இருப்பது தயாரிப்பு: கூகுள் ரீடர் மாதிரி, ஒரு கம்பெனியின் பொருள். நடுவில் இருப்பது வடிவம்: ஆர்எஸ்எஸ் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது ஒழுங்கு. அடியில் இருப்பது வேலை: 'நான் போய்த் தேடாமல் புதுசு என்னைத் தேடி வரணும்' என்கிற தேவை.

தயாரிப்பு செத்துப்போகும். வடிவம் ரொம்ப நாள் வாழும். இந்த எபிசோடு உங்க ஆப்புக்கு வந்து சேர்ந்ததே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான். வேலையோ எந்தக் காலத்திலும் இருக்கும். புது இதழ் வந்ததும் எடுத்து முன்னால் வைக்கிற நூலகர் அந்த வேலையைத்தான் செய்கிறார். ஆகவே ஒரு புது டூலைக் காட்டினால் "எந்த பட்டனை அழுத்தணும்?" என்று தொடங்காதீங்க. "இது எந்த வேலையைச் செய்யுது?" என்று கேளுங்க. அந்த வேலை உங்களுக்கு வேண்டியதில்லை என்றால் டூலை தாராளமா விட்டுடலாம்.

அடி அடுக்கில் நூலகர்கள் எங்களைவிட முன்னால் இருக்கீங்க என்பதற்கு ஒரு உதாரணம். ஆன்லைனில் சட்டை வாங்கும்போது பக்கவாட்டில் விலை, அளவு, நிறம் என்று டிக் போட்டு வடிகட்டுவோமே, அதை நாங்கள் 'ஃபேசெட்' தேடல் என்போம். இந்தச் சிந்தனையின் வேர் நூலகத் துறையில் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933-ல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார்.

இதை வகுப்புக்குக் கொண்டுவருவோம். பிள்ளைகளிடம் ஒரு ஷீட்டைக் கொடுத்துப் புத்தகங்களுக்கு டேக் போடச் சொல்றீங்க. ஒருத்தன் 'மழை' என்கிறான், இன்னொருத்தி 'பருவமழை', மூணாவது ஆள் 'மழைக்காலம்'. தேடும்போது ஒன்று கிடைக்கும், இரண்டு தப்பிவிடும். ஏன் என்று கேளுங்க. 'பருவமழை: மழை பார்க்க' என்று அந்தக் காலத்து அட்டைப் பட்டியலில் எழுதினோமே, அது ஏன் தேவைப்பட்டது என்று பிள்ளைகளுக்கு அப்போது தானாகப் புரியும். எந்த ஷீட், எந்த ஆப் என்பது இங்கே இரண்டாம் பட்சம்தான்.

அடுத்தது, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம். நூலகர் தனியாக ஒரு டூலைக் கற்றுக்கொண்டு அது மூடப்பட்டால், போவது அவருடைய நேரம் மட்டும்தான். ஒரு வகுப்பின் வேலை முழுவதும் அதில் இருந்தால்? ஒரு வருஷம் பிள்ளைகள் எழுதிய விமர்சனங்கள், ஊர் வரலாறு, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய பேட்டி. சர்வரை நிறுத்தினால் அத்தனையும் போச்சு. அதனால் பிள்ளைகளை ஒரு டூலுக்குள் அனுப்பும் முன் மூன்று கேள்வி.

ஒன்று, உள்ளே போக என்ன கேட்கிறது? பிள்ளையின் பெயர், ஃபோன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் கேட்டால் நில்லுங்க. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. முடிந்தவரை பிள்ளைக்குக் கணக்கே தேவைப்படாத டூலைத் தேர்ந்தெடுங்க.

இரண்டு, வெளியே வர வழி இருக்கா? 'எக்ஸ்போர்ட்' என்றோ 'டவுன்லோடு' என்றோ ஒரு பட்டன் இருக்கணும். முதல் நாளே அழுத்திப் பாருங்க. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று, வெளியே வந்தது தமிழில் படிக்க முடியுதா? இது நமக்கே உரிய தலைவலி. சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியலாம். பெரும்பாலும் தகவல் கெட்டுப்போயிருக்காது. எக்செல் அதைத் தப்பான முறையில் வாசித்திருக்கும். இம்போர்ட் செய்யும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எக்செலிலிருந்து சேமிக்கும்போதும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்க. பழைய ஃபான்ட்டில் தட்டிய பட்டியல் என்றால் கதை வேற. அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகணும்.

இனி, தொடங்க ஒரு சின்னப் பட்டியல். 23 எல்லாம் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம்.

முதல் வேலை: இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒரு செய்தித்தாளின் தளத்தைப் பத்து வருஷம் முந்தைய தேதியில் பாருங்க. அச்சிட்ட புத்தகம் அப்படியே இருக்கும், வலைப்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இரண்டாவது: தமிழ் விக்கிப்பீடியாவில் உங்க ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, மேலே இருக்கும் வரலாற்றுப் பகுதியை அழுத்துங்க. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரிசையாக வரும். எந்த வரிக்குச் சான்று இல்லை என்று குறித்துக்கொள்ளுங்க. இதையே ஒரு பீரியட் முழுக்க நடத்தலாம்.

மூன்றாவது: பக்கவாட்டு வாசிப்பு. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் அறிமுகமில்லாத தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சிறப்பாகச் செய்தவர்கள் சரிபார்ப்பாளர்கள். அவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை. சட்டென்று புதிய டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்க்கை வைத்து நீங்களும் செய்து பாருங்க.

நான்காவது: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரு தமிழ்க் கதையை எடுங்க. அதன் உரிமம் என்ன, அச்சிடலாமா, மொழிபெயர்க்கலாமா, யார் பெயரைக் குறிப்பிடணும் என்று கண்டுபிடிங்க. 'நெட்டில் இருக்கு, அதனால் எடுத்துக்கலாம்' என்ற பழக்கத்துக்கு இதுதான் மருந்து.

ஐந்தாவது: இருபது புத்தகங்களை ஒரு ஷீட்டில் ஏற்றுங்க. அதை வெளியே எடுங்க. வேறொரு கணினியில் திறந்து பாருங்க. தமிழ் ஒழுங்காகத் தெரிஞ்சா பாஸ்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைங்க. எந்த வேலைக்கு உதவுது, எங்கே எரிச்சல் வந்தது, எந்த வகுப்புக்குப் பொருந்தும். ஆறு மாசம் கழித்து டூல் மாறினாலும் அந்த நோட்டு அப்படியே பயன்படும்.

தலைமை ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். நூலகருக்கு இன்னொரு பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதைவிட, வாரத்துக்கு ஒரு பீரியட் இன்டர்நெட்டோடு சும்மா விடுங்க. சப்ஸ்டிட்யூட் வகுப்புக்கு அனுப்பாதீங்க. எந்த டூல் வேண்டும், எது வேண்டாம் என்று அவங்களே முடிவு செய்யட்டும்.

ஐந்தையும் செய்து பார்க்கிற நூலகர்கள் உங்க நாலு வரிக் குறிப்பை எனக்கு அனுப்புங்க. புனைபெயரிலும் அனுப்பலாம். அதில் வருகிற எரிச்சல்களை எல்லாம் சேர்த்து இன்னொரு எபிசோடில் பேசலாம்.