இரு கிளைகளின் பங்காளி வழக்கு

திருச்சியின் பொன்மலையும் மலைக்கோட்டையும் பாறைகளாதலால் காவிரியால் அவற்றை ஒன்றும் செய்ய இயலவில்லை. அவற்றுக்கு வடக்கே கிடக்கும் ஸ்ரீரங்கமோ, நதியே கொணர்ந்து சேர்த்த மணலும் வண்டலும் மூடிய தீவு.

இத்தீவை இருபுறமும் அணைத்துச் செல்லக் காவிரி முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளில், வடகிளையாகிய கொள்ளிடம் அதிகச் சரிவோடு சமுத்திரத்தை நாடி நேரே ஓடுவது; தென்கிளையாகிய காவிரியோ தஞ்சைத் தரணியெங்கும் பிரிந்து மந்தமாக நடப்பது. பிரவாகத்தின் வேகம் மிகுமிடத்தில் படுகை அரிபடும். வேகம் தளருமிடத்தில் முதலில் பருமணலும், அப்பால் நுண்மணலும், கடைசியில் வண்டலும் படியும். இந்த நியதிப்படியே கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டு போக, காவிரியின் தலைப்பு மேடிட்டது. மேடிட்டதனால் நீர் குறைந்தது. நீர் குறையவே மணல் இன்னும் படிந்தது. ஒரு பங்காளி கொழுக்க மற்றவன் நொடித்துப்போகும் இவ்வழக்கைத் தடுப்பாரின்றி விட்டிருந்தால், தஞ்சை வயல்கள் தம் நதியையே இழந்திருக்கும்.

1836-ல் ஆங்கிலேய இஞ்சினீயர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி முடித்தார். ஆழங்காண முடியாத மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை அவர் கற்றது, கரிகாலன் பெயரால் வழங்கும் நம் கல்லணையிடம்தான். பெருங்கற்களை மணலில் இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கிய பழைய கொத்தர்களை அவர் மனமாரப் போற்றியிருக்கிறார். ஆனால் சிகிச்சை அளவு மிஞ்சிவிட்டது. புதிதாகப் பெற்ற நீரின் வேகத்தால் காவிரி தன் படுகையையே அரிக்கத் தொடங்கவே, சில ஆண்டுகளுக்குள் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் வாயிலிலும் ஓர் அணை போட நேர்ந்தது.

1934 முதல், நதியின் மேற்பகுதியிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி மேட்டூர் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வருவது இவ்விதம் குறைந்திருக்க, இருப்பதையும் லாரி லாரியாக அள்ளினால், அள்ளிய பள்ளத்துக்கு மேற்புறமுள்ள படுகையை நீர் அரித்துக்கொண்டே அணையையும் பாலத்தூணையும் நோக்கி ஏறிவரும். இது ஆற்றின் சுபாவம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்தது. அம்மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது சரிந்தன. அணையின் முதுமையும் இதற்கு ஒரு காரணமே. எனினும் அருகில் புதிய கதவணை எழுப்பியதோடு காரியம் தீர்ந்ததென்று சர்க்கார் கருதலாகாது. கொள்ளிடத்து மணலையும் அணையின் ஓர் அங்கமாகக் கணக்கிட்டுக் காவல் காக்க வேண்டும்.