மரமே எந்திரம்: ரெகுலர் எக்ஸ்பிரஷனின் வகைக்கெழு

2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இணையச் சேவை உலகெங்கும் முடங்கியது. புதிதாகச் சேர்த்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனே முக்கியக் காரணம். எழுத்துத்தொடர் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் சூத்திரம் இது. பல மென்பொருள்கள் ஒரு வழியில் சென்று பார்த்து, பொருந்தாவிட்டால் திரும்பி வந்து அடுத்த வழியை முயல்கின்றன. வழிகள் பெருகினால் கணினி திணறுகிறது. திரும்பி வரவே தேவையில்லாத முறையைக் கணினி அறிவியலாளர் யானுஷ் பிரசோசோவ்ஸ்கி 1964-லேயே வகுத்துவிட்டார். அதுதான் வகைக்கெழு.

‘இந்த எழுத்தைப் படித்தாயிற்று, இனி வரவேண்டிய மிச்சம் என்ன?’ என்பதே வகைக்கெழு கேட்கும் கேள்வி. மிச்சமும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனே. (கட)*ம என்ற சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: ‘கட’ எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம், கடைசியில் ‘ம’ வர வேண்டும். மரமாக வரைந்தால், உச்சியில் ‘அடுத்தடுத்து’ என்னும் கணு, இடக்கிளையில் நட்சத்திரக் கணு, வலக்கிளையில் ‘ம’. ‘க’ வந்ததும் உச்சிக்கணு இடக்கிளையைக் கேட்கிறது. ‘இனி ட வேண்டும், பிறகு மறுபடி நான்’ என்கிறது நட்சத்திரம். இடக்கிளை வெறுமையாகவும் இருக்கலாம் என்பதால் வலக்கிளையையும் கேட்க வேண்டும். அங்கே ‘க’வுக்கு இடமில்லை. ஆக, மிச்சம் ட(கட)*ம. அடுத்து ‘ட’ வந்தால் மிச்சம் (கட)*ம, அதாவது புறப்பட்ட மரமேதான். ‘ம’ வந்தால் வெற்றுத்தொடர் மட்டும் மிஞ்சும். உள்ளீடும் அங்கேயே முடிந்தால் பொருத்தம் உறுதி. பொருந்தாத எழுத்து வந்தால் எதுவும் மிஞ்சாது. இந்த நான்கு மிச்சங்களே, எழுத்துக்கு எழுத்து நிலை மாறிச் சோதிக்கும் எந்திரத்தின் நான்கு நிலைகள். தனியாக எந்திரம் கட்ட வேண்டியதில்லை.

மரம் வளர்ந்துகொண்டே போகாதா? சில சூத்திரங்களில் போகும். ஆனால் ‘அல்லது’ கணுவின் கீழ் இரட்டித்த கிளையை நீக்கி, கிளைகளின் வரிசையையும் அடைப்பையும் பொருட்படுத்தாமல் விட்டாலே, வெவ்வேறு மிச்சங்களின் எண்ணிக்கை முடிவுள்ளது என்று பிரசோசோவ்ஸ்கி நிறுவினார். முடிவுள்ளதானாலும் அது மிகப் பெரிதாகலாம் என்ற மறுப்பு நியாயமானது: ‘கடைசியிலிருந்து 20-ஆம் எழுத்து க’ என்ற சூத்திரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகள் வேண்டும். ஆனால் அத்தனையையும் முன்கூட்டியே உண்டாக்க வேண்டாம். படிக்கும் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஒரு புதிய நிலைதான் பிறக்கும்.

முன்பு வந்த சொல்லே மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் வசதி இதில் அடங்காது. அது ‘ரெகுலர் மொழிகள்’, அதாவது இத்தகைய சூத்திரங்களால் விவரிக்கக்கூடிய தொடர்த்தொகுதிகள், என்ற எல்லைக்கே வெளியே இருப்பது. ஈடாக, ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லாதது’ என்னும் கணுக்கள் எளிதில் கிடைக்கின்றன: கிளைகளின் வகைக்கெழுக்களை எடுத்து அதே கணுவின் கீழ் வைத்தால் போதும். 2022-இல் வெளிவந்த டாட்நெட் 7 என்ற நிரலாக்கத் தளத்தின் பின்வாங்காத தேடல் முறை வகைக்கெழுக்களின் மேல்தான் எழுப்பப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எழுத்தைச் சோதிக்கும் நிரலுக்கு இது பாதுகாப்பான வழி.