பாழுங்கிணற்றில் இருப்பது முனியா, விஷவாயுவா?

தென்காசி, குத்துக்கல்வலசை பக்கம் சாரல் தொடங்கும் முன்பே கிணற்றைத் தூர் வாரிவிட நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். "பாழுங்கிணத்துல முனி இருக்கு, இறங்காதே. ஒரு ஆளோட விடாது, மூணு காவு கேட்கும்" என்று தாத்தா பாட்டிமார் சொல்லும் கதை நம் கிராமங்களில் உண்டு.

முனி இருக்கட்டும். அந்த மூன்று காவுக்குக் காரணம் இருக்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போன அண்ணன், அடுத்து பக்கத்துத் தோட்டக்காரர் என்று வரிசையாக விழுவார்கள்.

நீண்ட நாள் இறைக்காத கிணற்றில் இலை தழை அழுகி ஆக்சிஜன் குறைந்துவிடும். வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது, சரிதான். ஆனால் விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் தீயே பிடிக்கும். வாயு அளக்கும் கருவிதான் உறுதி. வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி ஆட்டுவதும் போதாது.

புளோயரை வாடகைக்கு எடுத்து, எஞ்சின் புகை படாத இடத்தில் வைத்து, குழாயை அடிவரை விடுங்கள். வேலை முடியும் வரை ஓடட்டும். இறங்குபவருக்கு பெல்ட்டும் கயிறும் கட்டி, மேலே இரண்டு பேர் நில்லுங்கள். மயங்கினால் கயிற்றால் இழுங்கள், பின்னாலேயே யாரும் இறங்காதீர்கள். உடனே தீயணைப்புத் துறைக்கு 101-இல் போன் செய்யுங்கள்.