'டி' டிரைவ் எங்கே போயிற்று?

2019-ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அணைக்கட்டு வேலூர் மாவட்டத்திலேயே இருந்துவிட்டது; ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆம்பூரின் தோல் தொழிற்சாலைகள் ஓர் அடிகூட நகரவில்லை. முகவரியில் ஒரு வரிதான் மாறியது. ஆனாலும், வேலூர் மாவட்டத்தின் புதிய ஊர்ப் பட்டியலில் ஆம்பூரைத் தேடினால் அகப்படாது. அதனால் ஆம்பூரே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

கணினியிலும் இதே கதை நடக்கிறது. விண்டோஸ் பழுதாகிறது, அதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறோம். திறந்து பார்த்தால் 'டி' டிரைவைக் காணோம்! பாடக் குறிப்புகள், செய்முறை ஏடு, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பெரும்பாலும் அவை அழிந்திருக்கமாட்டா. முகவரிதான் மாறியிருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

எழுத்து வந்த வழி

இந்த எழுத்துகள் பழங்காலத்தவை. 1970-களில் வழங்கிய சி.பி.எம். என்ற இயக்க அமைப்பிலேயே தட்டுகளுக்கு 'ஏ', 'பி' என்று பெயர் உண்டு. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் 'ஏ', 'பி' இரண்டும் நெகிழ்தட்டுகளுக்கு உரியவை. 1983-இல் வந்த எக்ஸ்.டி. என்னும் மாதிரியில் 10 மெகாபைட் வன்தட்டு இடம்பெற்றது. அதற்கு அடுத்த எழுத்தான 'சி' கிடைத்தது. நெகிழ்தட்டுகள் மறைந்துபோயின, 'சி' மட்டும் நிலைத்துவிட்டது.

இன்று ஒரே வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறோம். விண்டோஸ் இருக்கும் பகுதி 'சி'. நம் கோப்புகள் உள்ள பகுதி 'டி'. இந்த 'டி' என்ற எழுத்து எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அந்தப் பகுதியின் மேல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அங்கே இல்லை! அது விண்டோஸின் பதிவேட்டில், 'மவுன்டட் டிவைசஸ்' என்ற ஏட்டில் இருக்கிறது.

கதவு எண்ணும் புல எண்ணும்

வீட்டின் கதவு எண்ணை ஊராட்சி மாற்றலாம். சில தெருக்களில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று சுவரில் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் கதவு எண் மாறியதால் அடியிலுள்ள நிலத்தின் புல எண் மாறிவிடாது. வன்தட்டுக்கும் புல எண் போன்ற ஓர் அடையாள எண் உண்டு. பழைய முறையில் பிரித்த தட்டானால், தட்டின் அடையாள எண்ணையும் பகுதி தொடங்கும் இடத்தையும் சேர்த்து விண்டோஸ் குறித்துக்கொள்ளும். புதிய முறையானால் ஒவ்வொரு பகுதிக்கும் 128 பிட் நீளமுள்ள தனி எண் இருக்கும். 'இந்த அடையாளமுள்ள பகுதிக்கு டி' என்பதே பதிவேட்டின் வாசகம்.

பழைய விண்டோஸை அழிக்கும்போது இந்தப் பதிவேடும் அழிகிறது. புதிய விண்டோஸ் தனக்குச் 'சி'யை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் புதிதாக எழுத்து வழங்குகிறது. அப்போது டிவிடி டிரைவோ, செருகியிருந்த பென் டிரைவோ 'டி'யைப் பெற்றுவிடுவதுண்டு. நம் பகுதி 'ஈ' ஆகலாம். எழுத்தே இல்லாமலும் நிற்கலாம்.

திருத்துவது எப்படி?

'ஸ்டார்ட்' பொத்தானின் மேல் வலது சொடுக்குச் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறவுங்கள். தட்டும் அதன் பகுதிகளும் கட்டங்களாகத் தெரியும். எழுத்தைப் பார்க்காமல் அளவைப் பார்த்து உங்கள் பகுதியை அடையாளம் காணுங்கள். அதன் மேல் வலது சொடுக்குச் செய்தால் டிரைவ் எழுத்தை மாற்றும் கட்டளை கிடைக்கும். 'டி'யை டிவிடி டிரைவ் வைத்திருந்தால், முதலில் அதற்கு 'இசட்' கொடுத்து விலக்குங்கள். பிறகு உங்கள் பகுதிக்கு 'டி'யைக் கொடுங்கள். பழைய குறுக்குவழிகள் 'டி'யைத்தான் தேடும். ஆகவே அவற்றிலிருந்து உங்கள் கோப்புகள் மீண்டும் திறக்கும்.

'டி'யில் நிறுவியிருந்த மென்பொருள்கள் மட்டும் பெரும்பாலும் ஓடா. அவற்றைப் பற்றிய குறிப்புகள் பழைய பதிவேட்டோடு போய்விட்டன. அவற்றை மறுபடி நிறுவத்தான் வேண்டும். விண்டோஸ் உள்ள 'சி'யின் எழுத்தை மாற்ற முயலாதீர்கள். எழுத்தே இல்லாத சிறு பகுதிகள் சில இருக்கும். அவை கணினியைத் தொடக்குவதற்கானவை. அவற்றையும் தொடவேண்டாம்.

ஒரு கேள்வி, ஓர் எச்சரிக்கை

சில வேளைகளில் விண்டோஸ், "இந்த டிரைவைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யலாமா?" என்று கேட்கும். இதற்குப் பொருள் பகுதி காலியாக உள்ளது என்பதன்று. 'இதன் மொழி எனக்குப் புரியவில்லை' என்பதே.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் தந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் தன் பகுதிகளை வேறு முறையில் எழுதுகிறது. அதில் டிரைவ் எழுத்தே கிடையாது. விண்டோஸ் அதைப் படிக்க அறியாது. இப்படி இரண்டு இயக்க அமைப்புகள் உள்ள கணினியில் விண்டோஸின் கேள்விக்கு 'ஆம்' என்றால், லினக்ஸும் அதில் வைத்த கோப்புகளும் போய்விடும்.

பழுதடைந்த பகுதியைக் கண்டாலும் விண்டோஸ் இதே கேள்வியைத்தான் கேட்கும். ஆகவே எப்போதும் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். உங்கள் பகுதி இருந்த இடத்தில் 'ஒதுக்கப்படாதது' என்று கறுப்புப் பட்டை தெரிந்தாலும் அங்கே புதிய பகுதி உண்டாக்காதீர்கள். அதன் மேல் எதையும் எழுதாதவரை, விவரம் தெரிந்தவர் மீட்டுத்தர வழி இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு பென் டிரைவுக்கு 'பாடம்' என்று பெயர் சூட்டுங்கள். அதை வீட்டுக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் செருகி, எழுத்தையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'ஈ', இன்னொன்றில் 'ஜி' என எழுத்து மாறக்கூடும், 'பாடம்' மாறாது. ஏன்? எழுத்து கணினியின் ஏட்டில் இருக்கிறது. பெயரோ பென் டிரைவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வன்தட்டின் பகுதிகளுக்கும் இவ்வாறே பெயர் சூட்டி, அவற்றின் அளவுகளை நோட்டில் எழுதிவையுங்கள். கோப்புகளின் படி ஒன்றை வேறு தட்டிலும் எடுத்துவையுங்கள். மறுபடி விண்டோஸ் நிறுவும் நாளில், எந்தப் பகுதியை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை எழுத்தை நம்பாமலே நீங்கள் சொல்லிவிடலாம்.