பீங்கானில் ஒரு டாக்டர் பட்டம்

பீங்கான் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? விருந்தினர் வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் தட்டுகள், ஊறுகாய் ஜாடி, குளியலறைச் சுவரில் பதித்த டைல்ஸ். "இதற்கு ஒரு டாக்டர் பட்டமா? அதற்கு ஐந்து ஆண்டுகளா?" என்று, செராமிக் பொறியியலில் ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்வியை நாம் எள்ளி நகையாடக் கூடாது. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய ஆண்டுகளை ஒரு குடும்பம் விட்டுக் கொடுக்கிறது. எதற்காக விட்டுக் கொடுக்கிறோம் என்பதை அக்குடும்பம் அறிந்திருக்க வேண்டாமா?

எங்கெல்லாம் பீங்கான்?

இரும்பை உருக்கும் உலையின் உட்சுவர், அந்த வெப்பத்தைத் தாங்கும் செராமிக் கற்களால் ஆனது. மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் வெண்மையாகத் தெரியும் பகுதி அலுமினா என்னும் செராமிக். கைப்பேசியினுள் நூற்றுக்கணக்கில் அடங்கியிருக்கும் நுண்ணிய மின்தேக்கிகளில் பேரியம் டைட்டனேட் இருக்கிறது. பல் மருத்துவர் பொருத்தும் வெண்ணிற உறையில் சிர்கோனியா இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இரு அறிஞர்கள், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் செராமிக் ஒன்றைக் கண்டறிந்தனர். அதற்கு முன் அறியப்பட்ட எந்தப் பொருளைக் காட்டிலும் கூடுதலான வெப்பநிலையிலேயே அதில் அந்நிலை தோன்றியது. மறு ஆண்டே நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

குறையே நிறையான கதை

சிர்கோனியாவின் வரலாறு ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. தூய சிர்கோனியாவைக் கடும் வெப்பத்தில் சுட்டால் அதன் படிக அமைப்பு மாறுகிறது. ஆறும்போது பழைய அமைப்புக்குத் திரும்புகிறது. அவ்வாறு திரும்புகையில் அதன் பருமன் ஏறத்தாழ 4 விழுக்காடு பெருகுவதால், செய்த பொருள் வெடித்துச் சிதறுகிறது. கால்சியம், இட்ரியம் போன்றவற்றின் ஆக்சைடைச் சிறிதளவு கலந்தால், உயர் வெப்பத்தில் உண்டான அமைப்பு ஆறிய பின்னும் நிலைத்திருக்கும்.

1975-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூவர் இதில் ஒரு புதுமையைக் கண்டு வெளியிட்டனர். அப்பொருளில் விரிசல் ஒன்று ஓட முற்படும்போது, அதன் முனையில் உள்ள படிகங்கள் பழைய அமைப்புக்கு மாறி விரிகின்றன. அந்த விரிவே விரிசலை நெருக்கி அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது. எந்த விரிவு பொருளை உடைத்ததோ, அதே விரிவு அதைக் காக்கும் அரணாயிற்று. உடைந்ததை வீசி எறியாமல், ஏன் உடைந்தது என்று கேட்டவர்களால் விளைந்த பயன் இது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

மாணவர் தூள்களை எடை போட்டுக் கலக்கிறார். உருண்டைகள் இட்ட ஆலையில் பல மணி நேரம் அரைக்கிறார். உலர்த்திச் சலித்து, அச்சில் அழுத்தி, காசு போன்ற வில்லைகளாக்குகிறார். பின்னர் உலையில் இட்டு, நிமிடத்திற்குச் சில பாகை வீதம் 1400, 1600 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, மெல்ல ஆற விடுகிறார். மறுநாள் உலையைத் திறந்தால் வில்லையில் ஒரு கீறல்! தூளில் ஈரம் நின்றதா? அழுத்தம் ஒரே சீராக விழவில்லையா? சூடு விரைந்து ஏறிவிட்டதா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்கு விடை காண மாதங்கள் கழியும். அந்நேரத்தில் வீட்டிலிருந்து, "இன்னுமா முடியவில்லை?" என்ற குரல் வந்தால் அந்த உள்ளம் என்ன பாடுபடும்!

கண்டதை எழுதி வைப்பதும் ஆய்வின் பகுதியே. ஈரானின் காஷான் நகரில் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர், குவார்ட்ஸ் தூள் பத்துப் பங்கு, கண்ணாடித் தூள் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு என்ற கணக்கை 1301-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அதனால்தான் இன்றும் நாம் அதை அறிய முடிகிறது. தாம் செய்ததை மற்றொருவர் படித்து அவ்வாறே செய்து பார்க்கும்படி எழுதுவதே ஆய்வேடு.

வழியும் வசதியும்

வாரணாசி ஐ.ஐ.டி., ரூர்கேலா என்.ஐ.டி., சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறை உண்டு. கொல்கத்தாவில் 1950-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பொறியியல் படித்தவர்கள் மட்டுமின்றி, இயற்பியல், வேதியியலில் முதுகலை முடித்தவர்களும் இத்துறை ஆய்வில் சேர இடமுண்டு. கேட், நெட் தேர்வுகள் அதற்கு வாயில்கள். நெட் தேர்வின் வழியே இளநிலை ஆய்வாளராகத் தேறுவோருக்கு, 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், ஆய்வு முன்னேற்றம் ஏற்கப்பட்டால் அதன் பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. அது அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கே. எனவே காலத்தைக் கணக்கிட்டு உழைக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தர இடமளிக்கின்றன. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. திருமணம் முடிந்ததென்று மகளின் ஆய்வைப் பாதியில் நிறுத்தும் பெற்றோரும், மருமகளைத் தடுக்கும் மாமியாரும் இதை அறிந்துகொள்ளட்டும்.

மாணவர்களே! ஊர்ப் பெருமைக்காகவும், வேலை கிடைக்கும் வரை பொழுது போக்கவும் இதில் நுழையாதீர்கள். பட்டம் பெற்ற மறுநாளே பதவி காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. சேருமுன், நெறியாளரிடம் முன்பு பயின்றவர்களைச் சந்தித்து, எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்று விசாரியுங்கள். உலையும் நுண்ணோக்கியும் பயன்படுத்தக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, "எப்போது முடியும்?" என்று கேட்குமுன், "இப்போது எதைச் சுடுகிறாய்? ஏன் உடைந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை முழுவதும் உங்களுக்கு விளங்காமல் போகலாம். ஆனால், தன் உழைப்பை வீட்டில் மதிக்கிறார்கள் என்பது பிள்ளைக்கு விளங்கும். மறுபடியும் உலையைப் பற்ற வைக்கும் தெம்பு அதிலிருந்தே பிறக்கும்.