6 அறை ரிவால்வரில் 5 தோட்டா மட்டும்... ஏன் தெரியுமா?
அமெரிக்காவில் கவ்பாய் கெட்டப்பில் நடக்கும் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில், 1873-ல் அறிமுகமான கோல்ட் ரிவால்வரின் நகல்களுக்குத் தனி மவுசு. இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

சரி, எதை வாங்குறது? பழமை வேண்டுமென்றால் .45 கோல்ட். செலவைப் பார்ப்பவர்களுக்கு .357 மேக்னம், அதில் பின்னுதைப்பு குறைந்த.38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம்.

ஆனால், அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். பழைய வடிவமைப்பில் சுத்தியலின் ஊசி தோட்டாவைத் தொட்டபடியே இருக்கும். கை தவறி விழுந்தால், டிரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். அதனால்தான் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுகிறார்கள். ரூகர் வக்கேரோவில் இதைத் தடுக்க ‘டிரான்ஸ்ஃபர் பார்’ உண்டு.

ஆக, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. ‘கீழே விழுந்தா வெடிக்குமா?’