சவுக்கு எழுதிய வாக்குமூலம்!

"கொலை செய்தீர்களா?" என்று கேட்டார்களாம். "செய்தோம்" என்றார்களாம். எவரும் மிரட்டவில்லையாம்; மனமுவந்து சொன்னார்களாம்! சொன்னவரில் ஒருவர் கழுத்திலே கயிற்றுத் தழும்பு. இன்னொருவரால் உட்காரவும் முடியவில்லை. மனமுவந்து சொன்ன இலட்சணம் இது, தோழர்களே!

அமெரிக்காவிலே, மிசிசிபி மாநிலத்திலே, 1934 மார்ச் 30-இல் வெள்ளையர் ஒருவர் கொலையுண்டார். பிடிபட்டவர்கள் மூன்று ஏழைக் கறுப்பின உழவர்கள். ஒருவரை மரத்திலே கயிறு கட்டித் தொங்கவிட்டனர், இறக்கினர், மீண்டும் தொங்கவிட்டனர். அப்போதும், "நான் செய்யவில்லை" என்றார். பிறகு சவுக்கு! மற்ற இருவரை நாற்காலியிலே குப்புறக் கிடத்தி, கொக்கி வைத்த தோல்வாரால் முதுகைக் கிழித்தனர். கேட்டவர் விரும்பிய வண்ணம் வாக்குமூலம் திருந்தும்வரை அடி ஓயவில்லை.

ஏப்ரல் 5-இல் விசாரணை தொடங்கிற்று, 6-இல் முடிந்தது. மூவருக்கும் தூக்கு! ஆடு திருடிய வழக்குக்கே வாய்தா மேல் வாய்தா பார்த்தவர்கள் நாம். அங்கே மூன்று உயிருக்கு இரண்டு நாள்!

அடித்ததை மறைத்தார்களா? அதுதான் இல்லை. உதவி ஷெரீப் கூண்டேறி, அடித்தது உண்மை, கறுப்பனுக்கு அது அதிகமில்லை என்ற பொருள்படவே சொன்னார். நீதிபதி கேட்டார், ஜூரிகள் கேட்டனர். கேட்ட பிறகே தூக்கு!

மாநில உச்சநீதிமன்றமும் 1935-இல் அதை உறுதி செய்தது. காரணம்? அடித்தது அம்பலமான பின், வாக்குமூலத்தைத் தள்ளும்படி வக்கீல் முறைப்படி கேட்கவில்லையாம்! முதுகுப் புண் கதறுகிறது. மன்றமோ மனுவைத் தேடுகிறது. இரண்டு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டு எழுதினர்.

மிசிசிபியின் முன்னாள் கவர்னர் ஏர்ல் புரூவர், அவரும் வெள்ளையர்தான், வாஷிங்டன் சென்று அந்த மூவருக்காக வாதாடினார். 1936 பிப்ரவரி 17-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. சாட்சிக் கூண்டு இருக்கவேண்டிய இடத்தில் சித்திரவதைக் கூடத்தை வைக்க எந்த மாநிலத்துக்கும் உரிமையில்லை என்றார் தலைமை நீதிபதி ஹியூஸ். அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்காக ஒரு மாநிலத்தின் தீர்ப்பை அம்மன்றம் கவிழ்த்தது அதுவே முதல் முறை.

மூவரும் வீடு திரும்பினரா? இல்லை. மறுபடியும் விசாரணை என்றால் மறுபடியும் அதே ஊர், அதே கயிறு! அஞ்சினர். கொலையினும் குறைந்த குற்றத்தை எதிர்த்து வழக்காடாமல், ஆறு மாதம், இரண்டரை ஆண்டு, ஏழரை ஆண்டு என்று தண்டனை ஏற்றனர்.

அன்று அவர்களுக்குத் தூக்கு கேட்டு வழக்கு நடத்திய சர்க்கார் வக்கீல் ஜான் ஸ்டெனிஸ், 1947 முதல் 1989 வரை அமெரிக்க செனட்டிலே வீற்றிருந்தார்.